குழாய்க்கும் ஒரு பிடி வேண்டும்

எண்ணூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு 2023 டிசம்பர் 26 இரவு லேசில் மறக்காது. உர ஆலைக்குப் போகும் கடலடி அமோனியாக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பத்துக்காரர்கள் நடுநிசியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூச்சுத் திணறிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அம்மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின் அலையில், குழாயைச் சுற்றிக் கிடந்த பாறாங்கற்கள் நகர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது.

அதிலிருந்து எந்தக் குழாயைப் பார்த்தாலும், இது எதன் பிடியில் நிற்கிறது என்றுதான் என் கண் போகிறது.

திருவொற்றியூரில் எங்கள் அடுக்குமாடியில் பின்சுவரோடு இறங்கும் நான்கு அங்குலக் கழிவுக் குழாய் அடிக்கடி ஒழுகும். பிளம்பர் வருவார், எல்போவை மாற்றுவார், காசு வாங்கிப் போவார். மூன்றாவது முறை நான் கூடவே நின்று பார்த்தேன். எல்போ பாவம், அது என்ன செய்யும்? மேலே இருந்த இரும்பு க்ளாம்ப்புகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. முழுப் பாரமும் அதன் தலையில். அடைப்பு எடுத்துத் தண்ணீர் நின்றால் மீட்டருக்கு எட்டு கிலோ. ஒரு மாடி உயரத்துக்கே இருபத்துநாலு கிலோ. அதன் நேர் கீழேதான் தரைத்தள வீட்டு அம்மா தினமும் உட்கார்ந்து மீன் ஆய்வார்.

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "பெயின்ட் அடிக்கவே பணம் இல்லை சார்" என்றார் ஒருவர். அந்த அம்மா உட்காரும் இடத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்புறம் பேச்சு இல்லை.

இறுக்கிக் கட்டிவிட்டாலும் ஆபத்துதான். பி.வி.சி. வெயிலில் நீளும், பத்து மீட்டர் குழாய் முப்பது டிகிரி சூட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் வரை. ஆகவே ஓரிடத்தில் இறுக்கமாகப் பிடித்து, மற்ற இடங்களில் குழாய் நகர இடம் விட வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் க்ளாம்ப்புக்குப் பெயர் 'கொலியே'. பெண்கள் கழுத்தில் போடும் மாலைக்கும் அதே சொல்தான். பிளம்பரிடம் சொன்னேன். "மாலை கழுத்தை நெரிக்கக் கூடாது, அவ்வளவுதானே சார்" என்று சிரித்தார்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து படுக்கையாக ஓடும் ஓரங்குலக் குழாய் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. அதற்கு மூன்றடிக்கு ஒரு பிடியாவது வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீல் க்ளாம்ப் வாங்க வரும் திங்கட்கிழமை பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போகிறோம்.