பிளக் ஏன் சுடுகிறது?

புதிதாக எந்த மின்சாதனம் வீட்டுக்கு வந்தாலும் அதைத் திருப்பி, பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுவது என் வழக்கம். எங்கள் வெந்நீர் ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. இந்த இரண்டு எண்கள் போதும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம், ஆறரை ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஏறக்குறைய 35 ஓம். பத்தாம் வகுப்பில் எல்லோரும் போட்ட கணக்குத்தான். தேர்வோடு அதைக் கைகழுவிவிட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆறரை ஆம்பியர் என்று தெரிந்தவர் அந்த ராடைச் சின்ன 5 ஆம்ப் பிளக் பாயிண்டில் செருக மாட்டார்.

எங்கள் தெருவில் சில மாலைகளில் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடும். "ராடு போயிடுச்சுப்பா, தண்ணி சுடவே மாட்டேங்குது" என்பார் அம்மா. ராடில் குறையில்லை. அதன் 35 ஓம் அப்படியேதான் இருக்கிறது. வோல்டேஜ் இறங்கியதால் மின்னோட்டமும் ஐந்து ஆம்பியராக இறங்கிவிட்டது. திறன் என்பது இரண்டின் பெருக்கல் ஆயிற்றே. இரண்டும் சேர்ந்து குறைந்தால் அடி இரட்டிப்பாக விழும். 180ஐ ஐந்தால் பெருக்கினால் வருவது 900 வாட். வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு போனதற்கு, சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அம்மாவுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். புது ராடு வாங்கும் பேச்சு அதோடு நின்றது.

வோல்ட், ஆம்பியர், மின்தடை மூன்றையும் இணைக்கும் கணக்கைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அன்றைய மின்கலங்கள் சோதனையின் நடுவிலேயே தளர்ந்துபோகும். அதனால் அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத மின்னழுத்தத்தைப் பெற்றார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை பொங்குகிறது. 1827இல் அவருடைய நூல் வந்தது. சொந்த நாட்டில் பெரிய வரவேற்பில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை வெளியிட்டார்.

ஜூல் சொன்னதை வீட்டில் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். பிளக்கின் கால் ஒன்று லூஸாக இருக்கிறது, அங்கே வெறும் அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். ஆறரையை ஆறரையால் பெருக்கி, அதில் பாதி: 21 வாட். ஒரு பொட்டு இடத்தில் 21 வாட்! ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சிறிய சால்டரிங் அயர்னே 25 வாட்தான். பிளக் பழுப்பேறுவதும், உருகிக் கருகுவதும், சில வீடுகளில் தீப்பிடிப்பதும் இதனால்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ராடு, இஸ்திரிப்பெட்டி போன்ற சூடேற்றும் சாதனங்களுக்கே இந்தக் கணக்கு இவ்வளவு நேராகப் பொருந்தும். மோட்டார் உள்ளவற்றுக்கு அப்படியே போடக் கூடாது. குண்டு பல்பின் இழை எரியும்போது காட்டும் தடை, குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் காட்டுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இன்று வெந்நீர் போட்டு முடித்ததும், சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது சுட்டாலோ, நிறம் மாறியிருந்தாலோ, எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக்கையும் பாயிண்டையும் மாற்றிவிடுங்கள். அதுவரை அந்த ராடைப் போடாதீர்கள்.