பொருள்விளங்கா உருண்டை

என் இளமையில் எங்கள் காரைக்காலில் விளம்பரம் என்பது இரண்டே வகைதான். ஒன்று, திரைப்படக் கொட்டகையார் வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்த் துண்டறிக்கை வீசிச் செல்வது. மற்றொன்று வாய்ச்சொல். "அந்த வீட்டு அதிரசம் நன்றாயிருக்கிறது" என்று கோயில் முற்றத்தில் ஒரு பெண்மணி மற்றொருவரிடம் சொல்லிவிட்டால் போதும். அடுத்த திருநாளுக்குக் கூடுதலாக இரண்டு படி மாவு இடிக்க வேண்டியிருக்கும். இளம் வயதில் கணவரை இழந்த என் தமக்கையார், முப்பது ஆண்டுகளாகப் பலகாரம் செய்து பிள்ளைகளை ஆளாக்கியது இந்த இரண்டாவது விளம்பரத்தை நம்பித்தான்.

அச்சுமுறுக்கு, அதிரசம், சீடை ஆகியவற்றோடு அவர் கைப்பக்குவத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது பொருள்விளங்கா உருண்டை. வறுத்த அரிசியையும் பயறையும் மாவாக்கி, சுக்கும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து, பாகு சூடாக இருக்கும்போதே உள்ளங்கை சிவக்கப் பிடிப்பார். வாரக்கணக்கில் கெடாது. ஆனால் கல் போன்றிருக்கும். கடித்தால் உடையாது, வாயில் ஊறவைத்துப் பொறுமையாகத்தான் அதன் சுவையை அறிய வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் அந்த வாய்ச்சொல் நின்றுபோயிற்று. முற்றங்களில் கூட்டமில்லை, திருநாள்கள் வீட்டுக்குள் அடங்கின. அப்போதுதான் தமக்கையாரின் மகள் கைப்பேசியை எடுத்தாள். 2018-இல் சிறு வணிகர்களுக்கென்று வெளிவந்த வாட்ஸ்அப் செயலியில் பலகாரங்களின் படமும் விலையும் வரிசையாக ஏறின. கூகுள் நிலப்படத்தில் வீடு இடம் பெற்றது. ஊரடங்கு தளர்ந்தபின், சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வருவோர், போகும் வழியில் பலகாரம் எங்கே கிடைக்கும் என்று கைப்பேசியில் தேடி எங்கள் தெருவுக்குள் நுழைந்தார்கள். 1962-ஆம் ஆண்டு இணைப்பு முழுமை பெற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரர்களும் பிரான்சிலிருந்து கேட்டு எழுதினார்கள். ஊரிலுள்ள பெற்றோருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள்.

வாட்ஸ்அப்பின் ஒரு விதியை மருமகள் எனக்கு விளக்கினாள். பலருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பப் பட்டியல் ஒன்று உண்டு. ஆனால், நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும். "அவர்கள் நம்மை வைத்திருந்தால்தான் நாம் பேச முடியும், மாமா" என்றாள். கடைக்காரனின் உரிமை வாங்குபவரின் நல்லெண்ணத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை. ஆயினும் அதை நான் உடனே மறந்தேன் என்பதே இந்தக் கட்டுரையின் செய்தி.

ஒருநாள் இணைய விளம்பரம் செய்து தருவதாகச் சொல்லி ஓர் இளைஞர் வந்தார். "உங்களுக்கு ஏழு மதிப்புரைகள்தாம் இருக்கின்றன. அதிலும் ஒன்று மூன்று நட்சத்திரம். மற்ற கடைகளுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நானே ஏற்பாடு செய்கிறேன்" என்றார். பின்தொடர்வோருக்கு ஒரு விலை, பாராட்டுக்கு ஒரு விலை! தமக்கையார் காசு கொடுத்துப் புகழ் வாங்க மறுத்து அவரை அனுப்பிவிட்டார். ஆனால் மருமகளின் மனம் அலைபாய்ந்தது. "மாமா, நீங்கள் தமிழாசிரியராக இருந்தவர்தானே? நீங்களே நாலு வரி எழுதித் தாருங்களேன்" என்றாள்.

எழுதினேன். நான்கல்ல, பன்னிரண்டு. மருமகளின் தோழியர் கைப்பேசிகளிலிருந்து அவை ஏறின. கல்லூரி மாணவியாக ஒன்று, நாகூரிலிருந்து வந்த பயணியாக ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய தாத்தாவாக ஒன்று. ஒவ்வொன்றிலும் குரலை மாற்றி எழுதிய திறமையை எண்ணி நானே மகிழ்ந்தேன். அந்தத் தாத்தா எழுதியதாவது: பொருள்விளங்கா உருண்டை பல்லில்லாதவர் வாயிலும் வெண்ணெயாய்க் கரைகிறது.

இரண்டு மாதம் கழித்துப் பாரிஸ் அருகிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். இங்கே தனியாக வாழும் தம் தாயாரின் பிறந்தநாளுக்கு அரைக்கிலோ உருண்டை அனுப்பச் சொல்லியிருந்தார். எண்பதைக் கடந்த அந்த அம்மாள் ஆசையோடு கடித்ததில், எஞ்சியிருந்த பல்லொன்று ஆட்டங்கண்டுவிட்டது. அவர் சினந்து பேசவில்லை. "ஊரில் என்ன இருக்கிறதென்று பார்க்க எனக்குக் கண்ணில்லை, ஐயா. அங்கே எழுதுகிறவர்களின் கண்ணால்தான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார். தொலைபேசியை வைத்தபின் நெடுநேரம் நான் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை தமக்கையாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கை மாவிலேயே இருந்தது. "யாருடைய வாயைத் தம்பி கடன் வாங்கினாய்?" என்று கேட்டார். அன்றிரவே பன்னிரண்டும் அழிக்கப்பட்டன. மீண்டும் ஏழு; அதில் அந்த மூன்று நட்சத்திரமும் அப்படியே.

சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க நடுவணரசு 2022 ஜூனில் நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஓர் இந்தியத் தர அளவை வந்தது. பணமோ பரிசோ பெற்றுப் பொருளைப் புகழ்வோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற அறிவுறுத்தல் 2023 ஜனவரியில் வெளியாயிற்று. ஆனால் சட்டத்துக்கு வெகு காலம் முன்பே எங்கள் கடற்கரை இதை அறிந்திருந்தது. இங்கிருந்து வடக்கே, காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார் வணிகர், கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தார்கள் என்று பட்டினப்பாலை பேசுகிறது. பிறர் பொருளையும் தம்பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பதை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். இவற்றை வகுப்பில் எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்! எடையில் குறைப்பது மட்டுமே குறை என்று எண்ணியிருந்தேன். சொல்லிலும் எடை குறையும் என்பதை என் அறுபத்தேழாம் வயதில் கற்றேன்.

அதன்பின் மருமகள் பட்டியலைத் திருத்தினாள். உருண்டையின் படத்தின் கீழ், "மிகவும் கடினமானது, பல் உறுதியில்லாதவர்கள் இடித்துப் பொடியாக்கி உண்ணவும்" என்று எழுதினாள். அதிரசம் எத்தனை நாள் தாங்கும், அடைமழை நாளில் எதைச் செய்ய மாட்டோம், திருநாளுக்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்லவேண்டும் என்பனவெல்லாம் ஏறின. மூன்று நட்சத்திரம் தந்தவருக்கு, பொதி தாமதமானது உண்மைதான் என்று மறுமொழி எழுதி மன்னிப்புக் கேட்டாள். வாங்கியவர்களிடம், "நன்றென்று எழுதுங்கள்" என்று கேட்பதை விடுத்து, "உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்" என்று கேட்கத் தொடங்கினாள். நாள்தோறும் செய்தி அனுப்புவதை நிறுத்தினாள்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் முகநூலில் சிறு தொகைக்கு ஒரு விளம்பரம் கொடுத்தோம். அது ஒருவகை ஏலம். ஆனால் அதிகப் பணம் சொல்பவருக்கே இடம் என்பதில்லை. பார்ப்பவருக்கு அதில் நாட்டம் இருக்குமா என்பதையும் அந்த ஏற்பாடு எடைபோடுகிறது. எனவே காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் சுற்றியுள்ளோருக்கு மட்டும் தெரியும்படி வைத்தோம். எங்கோ இருப்பவர் இடும் ஆயிரம் விருப்பக் குறிகளைவிட, அடுத்த தெருவிலிருந்து வரும் ஒரு தூக்குப் பாத்திரம் மேலல்லவா? செல்வம் கொட்டவில்லை. ஆனால் வந்தவர்கள் மறுபடி வருகிறார்கள். மதிப்புரைகள் மெல்லக் கூடி நாற்பதைத் தாண்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னுடையதல்ல.

எல்லாம் சீரானபின்னும் எனக்கொரு கடன் மீதமிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமக்கையார் கட்டித் தந்த மெத்தென்ற அதிரசங்களை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். அந்தத் தாத்தா நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். உள்ளே சென்று, மீதமிருந்த உருண்டைகளைப் பாலில் ஊறவைத்துத் தின்று தீர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வெற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து தந்தார். பிறகு சொன்னார்: "என் மகள் அதைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினாள், தம்பி. நன்றாகத்தான் எழுதியிருந்தாய். அதனால்தான் நம்பிக் கடித்தேன்."