தாழ்ப்பாள் யார் கைக்கு எட்ட வேண்டும்?

அந்தமான் செல்லுலர் சிறைக்குப் போகிறவர்கள் தூக்குமேடையையும் எண்ணெய்ச் செக்கையும் பார்த்துக் கலங்குகிறார்கள். அறைக் கதவின் தாழ்ப்பாள் முன்பும் கொஞ்ச நேரம் நிற்கலாம். கம்பிக் கதவிலிருந்து ஓர் இரும்புத் தண்டு பக்கவாட்டில் நீண்டு, நிலையைத் தாண்டி, தடித்த சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய் முடிகிறது. பூட்டு தொங்கும் இடம் அதுதான். கம்பிகளுக்கு இடையே எவ்வளவு நீட்டினாலும் கைதியின் விரல் பூட்டைத் தொடாது.

1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை. ஏழு சிறகுகள், மூன்று தளங்கள், 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள். யாரோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து இந்தத் தாழ்ப்பாளை வரைந்திருக்கிறார். தொழில் என்ற வகையில் குறை சொல்ல முடியாத வேலை. அதுதான் உறுத்துகிறது.

அதே தீவுகளில் இன்று டிப்ளமா படிக்கும் மாணவன் ஒருவனுக்கும் புராஜெக்டாக ஒரு தாழ்ப்பாள் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பால்வாடி ஒன்றின் வெளிக்கதவுக்கு. நிபந்தனை இரண்டுதான்: ஸ்பிரிங் கூடாது; கதவைத் தள்ளினால் தானே விழுந்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சுற்றிலும் உப்புக் காற்று. சாதாரண எஃகுச் சுருள் அங்கே வெகு நாள் தாங்காது. புவியீர்ப்புக்குத் துருப்பிடிக்கிற வழக்கம் இல்லை. ஏற்றத்தின் பின்முனையில் கல்லைக் கட்டித் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல.

அமைப்பு எளிது. கதவில் ஓர் அச்சாணி. அதில் ஆடும் ஒரு தகடு. தகட்டின் மூக்குப் பக்கம் கனமாக இருக்கும். கதவு மூடும்போது மூக்கு, எதிரே தூணில் பதித்த கொண்டியின் சரிவில் ஏறி, மறுபக்கம் தன் எடையாலேயே விழும். கொண்டியின் முன்பக்கம் சரிவு, பின்பக்கம் செங்குத்து. இரண்டும் சரிவாக இருந்தால் இழுத்தவுடன் திறந்துகொள்ளும்.

கணக்கும் பயமுறுத்தாது. 200 கிராம் எடை, அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் கீழே இழுக்கும் திருப்புவிசை 1,200 கிராம்-சென்டிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஆணியில், உராய்வுக் குணகம் 0.5 என்று தாராளமாக வைத்தாலும், தடுக்கும் விசை 40-தான். முப்பது மடங்கு மிச்சம். ஆனால் ஆணிக்கும் துளைக்கும் இடையே துரு நிரம்பிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. எனவே ஆணி பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்க வேண்டும். துளை சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். கச்சிதமாகப் பொருந்துவது பட்டறையில் அழகு, கடற்கரையில் ஆபத்து.

ஒரு சோதனையும் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் பெரும் பூகம்பத்தையும் சுனாமியையும் கண்ட தீவுகள் இவை. எடையை மட்டும் நம்பும் தாழ்ப்பாள், கதவு மேலும் கீழும் உலுக்கப்பட்டால் எகிறித் திறந்துகொள்ளக்கூடும். நூறு முறை அறைந்து மூடி, உலுக்கிப் பார்க்காமல் இதைச் சரி என்று சொல்ல முடியாது.

இதுவரை எல்லாம் பாடப்புத்தகம். மதிப்பெண்ணும் இதற்குத்தான் கிடைக்கும். கடினமான கேள்வி இனிமேல்தான்: தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது?

ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளங்களைச் சுற்றி வேலி கட்டாயம். கதவு தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். திறக்கும் பிடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டாது, அம்மாவுக்கு எட்டும். யோசித்தால், செல்லுலர் சிறையின் உத்தியும் இதேதான்: உள்ளே இருப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. ஒன்று உயிரைக் காக்கிறது, மற்றது மனிதனை நசுக்கியது. இரும்புக்கு வித்தியாசம் தெரியாது.

வரைகிறவருக்குத் தெரிய வேண்டும். 1883-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில், விக்டோரியா ஹால் அரங்கில், பரிசு வாங்கப் படியிறங்கி ஓடிய குழந்தைகள் ஒரு கதவில் நெரிபட்டார்கள். ஒருவர் மட்டுமே நுழையும் இடைவெளி விட்டு அந்தக் கதவு தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் துயரம் ராபர்ட் பிரிக்ஸ் என்பவரை யோசிக்க வைத்தது. உள்ளிருந்து உடம்பால் மோதினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாளுக்கு 1892-ல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய சினிமா தியேட்டர்களின் அவசரக் கதவில் குறுக்கே இருக்கும் கம்பி அந்த வழியில் வந்ததுதான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது 28 பேர் கருகினார்கள். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓடிப்போய்விடக் கூடாதே என்ற ஒரு காரணத்துக்காக மாட்டிய பூட்டு, தீ வந்தபோது காரணம் கேட்டுத் திறக்கவில்லை.

பால்வாடிக் கதவுக்கு வருவோம். உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கட்டும். குழந்தை சாலைக்கு ஓடாது. ஆனால் ஆயாவின் கைக்கு இரு பக்கமிருந்தும் எட்ட வேண்டும். ஒரு விரலால் தூக்கினால் திறக்க வேண்டும். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என்று அவர் ஓடி வரும் நேரத்தையும் நினைத்து வரைய வேண்டும். சாவி என்ற பேச்சே கூடாது. ஆயா மயங்கி விழுந்தால்? வெளியே போகிற யாரும் கை நீட்டித் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் கூடுதலாக ஆகும் செலவு ஒரு துளையும் ஒரு துண்டுக் கம்பியும்தான். புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில் வழக்கமாக நோக்கம், பொருள்கள், செலவு என்று எழுதுவார்கள். அவற்றுக்கு முன்னால் இன்னொரு வரியும் எழுதச் சொல்லலாம்: இந்தக் கதவுக்கு உள்ளே இருக்கப்போவது யார்?