எந்தப் பிரிவு நீ?

வெரோனிகா ராத் எழுதி 2011இல் வெளிவந்த 'டைவர்ஜென்ட்' நாவலைச் சுரண்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து வாசித்தோம். வருங்காலச் சிகாகோவில் மக்கள் ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள். பிரிவுக்கு ஒரு நிறத்தில் உடை. எதிலும் சேராதவர்களுக்கு மற்றவர்கள் செய்ய விரும்பாத வேலைகள்.

எங்களுக்கு அது வருங்காலமாகத் தெரியவில்லை. கையிலுள்ள கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி கண்டுபிடித்த வகுப்பறைகளில் படித்தவர்கள் நாங்கள். பதிலுக்கு நாங்களும் ஒரு நிறம் கட்டித் திரிந்தோம். அதை வீரம் என்று நினைத்தோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கதையில் 16 வயதில் பிறந்த பிரிவை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கொடுங்கனவு என்று எழுதப்பட்ட உலகத்தில்கூட அந்த வாசல் இருக்கிறது. சாதியில் அது கிடையாது.

2019இல் சாதிக்கயிறுகளைத் தடுக்கச் சொல்லிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் பழைய நிலையே தொடரும் என்றார் அமைச்சர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் கயிறுகளுக்குத் தடை கேட்டது.

கயிற்றை அறுத்தால் சாதி ஒழிந்துவிடாது தோழர்களே. ஆனால் பிறப்பை நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. கயிற்றைக் கட்டாமல் இருக்க முடியும். எங்கள் தெருத் தம்பிகளுக்கு இந்த நாவலைக் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து பேசத் தொடங்குவோம்.