கஷ்டம் வந்தால் கடவுள் காசு தருவாரா?

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினால் கடைவீதி. அங்கே நகைக்கடையும் உண்டு, அடகுக்கடையும் உண்டு. மேலே போய்ப் பலர் வேண்டிக்கொள்வது கீழே இருக்கிற கணக்குக்காகத்தான். "இந்தக் கடன் மட்டும் அடையட்டும், மொட்டை போடுகிறேன்" என்று ஒரு பேரம். கடவுள் என்னவோ பைனான்ஸ் கம்பெனி நடத்துகிற மாதிரி!

ஆனால் காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் நிஜமாகவே கையில் ஒன்றும் இல்லாமல் வாழ்ந்த பக்தர்களின் கதைகள் வேறு மாதிரி இருக்கின்றன.

கூரத்தாழ்வான், ராமாநுஜரின் முக்கியமான சீடர். சுமார் 900 வருஷத்துக்கு முன்னால் காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் பெரிய செல்வந்தர். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு, மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே கிளம்பினார். வழியில் காடு. ஆண்டாளுக்குப் பயம். விசாரித்தால், கணவர் சாப்பிடுவதற்காக ஒரே ஒரு தங்க வட்டிலை மட்டும் மறைத்து எடுத்து வந்திருக்கிறார். ஆழ்வான் அதை வாங்கித் தூக்கி எறிந்துவிட்டார். பயமும் போய்விட்டதாம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்!

ஸ்ரீரங்கத்தில் அவர் உஞ்சவிருத்தி செய்தார். அதாவது வீதியில் போய் அன்றன்றைக்கு வேண்டிய அரிசியை மட்டும் வாங்கி வருவது. ஒருநாள் விடாத மழை. வீட்டில் பட்டினி. ராத்திரி கோயிலில் பெருமாளுக்கு அரவணை அமுது செய்கிற மணிச்சத்தம் கேட்கிறது. "உன் பக்தன் பட்டினி கிடக்க, நீ மட்டும் சாப்பிடுகிறாயே" என்று ஆண்டாள் மனசுக்குள் நினைத்தாராம். கொஞ்ச நேரத்தில் கோயிலிலிருந்து பிரசாதம் வீடு தேடி வந்தது. இதைக் கேட்டு ஆழ்வானுக்குச் சந்தோஷம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. பெருமாளிடம் இதையா கேட்பது என்று!

1268-ல் பிறந்த வேதாந்த தேசிகரும் இப்படித்தான். உஞ்சவிருத்தி அரிசியில் யாரோ தங்கக் காசைக் கலந்துவிட, அதைப் புழு என்று சொல்லி ஒதுக்கினாராம். இத்தனைக்கும் அவர் எழுதிய ஸ்ரீஸ்துதியைச் செல்வம் வேண்டித்தான் இன்றைக்குப் பலர் சொல்கிறார்கள்.

இவர்களுக்கு நம்பிக்கை பணம் தரவில்லை. வேறு இரண்டு விஷயத்தைச் செய்தது. பயத்தை எடுத்தது, வெட்கத்தை எடுத்தது. நேற்றுவரை ஊருக்கே கொடுத்தவர் இன்றைக்குப் பாத்திரத்தோடு வீதியில் போகிறார், தலை குனியவில்லை. பணக் கஷ்டத்தில் குடும்பங்களை உடைப்பது பெரும்பாலும் இந்த வெட்கம்தான். கடனை மனைவியிடம் மறைப்பது, அதை மறைக்க இன்னொரு கடன், போன் அடித்தாலே நடுக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆழ்வானின் வறுமை அவரே தேர்ந்தெடுத்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருடையது அப்படி இல்லை. அவரிடம் போய் "பொறுமையாக இருங்கள், பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று வயிறு நிறைந்தவர் சொல்வது பக்தி இல்லை. பசித்தவருக்கு முதலில் சோறு வேண்டும். கோயிலால் அதுவும் முடியும். தமிழக அரசு 2002-ல் கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுக்கச் சாப்பாடு போடுவது ஆரம்பமானது. பந்தியில் உட்காருகிறவரிடம் யாரும் சம்பளச் சான்றிதழ் கேட்பதில்லை. அன்றைக்கு வாசலில் வந்து நின்ற அந்தப் பிரசாதத்தின் இன்றைய வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

சரி, கடனில் இருக்கிறவர் என்ன செய்வது? தாராளமாகக் கோயிலுக்குப் போகலாம். ரங்கநாதர் முன்னால் அழுதும் தீர்க்கலாம். ஆனால் வட்டிக்கு வாங்கி நேர்த்திக்கடன் வேண்டாம். வீட்டுக்கு வந்து எல்லாரையும் உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பேப்பரில் எழுத வேண்டும். அந்தப் பேப்பரை எடுக்கிற தைரியம் வந்துவிட்டால், வேண்டுதல் பலித்துவிட்டது என்றே அர்த்தம். மீதி கணக்கு வழக்கு. அதை மனுஷன்தான் போட வேண்டும்.