தூக்குறவனும் காட்டுறவனும்

ஜிம்முக்குப் போற ஆளுங்கள்ல ரெண்டு வகை உண்டு. கண்ணாடி முன்னாடி நிக்கிறவங்க ஒரு வகை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிட்டு ராடுகிட்டயே குடியிருக்கிறவங்க இன்னொரு வகை. ரெண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது. "வெயிட்டு தூக்கத் தெரியாதவன் எண்ணெய் பூசிக்கிட்டு நிப்பான்"னு இவங்க சொல்வாங்க. "தொப்பையைக் குறைக்கத் தெரியாதவன் வெயிட்டு தூக்குவான்"னு அவங்க சொல்வாங்க. நான் ரெண்டு பக்கமும் துண்டு போட்டு வெச்சிருக்கிற ஆசாமி. பகல் முழுக்க ஆபீசுல ஆணி புடுங்குறது, காலைல அஞ்சரைக்கு இரும்பு. போன வருஷம் ஜூன் மாசம் மாவட்ட வலுதூக்கும் போட்டி, நவம்பர்ல ஆணழகன் போட்டி, ரெண்டுலயும் இறங்கியாச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

முதல்ல ஒரு விளக்கம். பளுதூக்குதல் வேற, வலுதூக்குதல் வேற. ஒலிம்பிக்ல பாக்குறோமே, தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறது, அது பளுதூக்குதல். நான் சொல்றது பவர்லிஃப்டிங். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட்னு மூணே மூணு. இது ஒலிம்பிக்ல கிடையாது. பாராலிம்பிக்ல பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு. ஒவ்வொண்ணுக்கும் மூணு வாய்ப்பு, ஆக மொத்தம் ஒம்போது. மூணுலயும் தூக்கின அதிகபட்ச எடையைக் கூட்டினா உங்க மதிப்பெண். ஏதாவது ஒண்ணுல மூணு வாய்ப்பும் போச்சுன்னா மொத்தமும் காலி, மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

தூக்கினா மட்டும் போதாது. மூணு நடுவர் உக்காந்திருப்பாங்க. ஸ்குவாட்ல இடுப்பு மடிப்பு முட்டியோட மேல்மட்டத்துக்குக் கீழ இறங்கணும். பெஞ்ச்ல ராடு நெஞ்சுல அசையாம நின்னப்புறம் "ப்ரெஸ்"னு குரல் வந்தாத்தான் தள்ளணும். டெட்லிஃப்ட்ல நிமிர்ந்து நின்னு "டவுன்" சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது. மூணு விளக்குல ரெண்டு வெள்ளை எரிஞ்சா பாஸ், ரெண்டு சிவப்பு எரிஞ்சா ஃபெயில். எனக்கு இதுல பிடிச்சதே இந்தக் கறார்தான். நாம எழுதுற ப்ரோகிராம் மாதிரி. ஓடுச்சா, ஓடலையா? அவ்வளவுதான்.

ஆணழகன் போட்டி அப்படியே தலைகீழ். அங்க ராடே கிடையாது. நீங்க 200 கிலோ தூக்குவீங்களா 20 கிலோ தூக்குவீங்களான்னு யாரும் கேக்கப் போறதில்ல. ஏழு கட்டாய போஸ். முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு, பக்கவாட்டுல ரெண்டு, கடைசியா வயிறும் தொடையும். தசை எவ்வளவு, அளவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா, கொழுப்பு கரைஞ்சு கோடு தெரியுதான்னு பாத்து நடுவர்கள் வரிசைப்படுத்துவாங்க. உங்க உடம்பு நல்லா இருந்தாலும் பக்கத்துல நிக்கிறவன் உடம்பு இன்னும் நல்லா இருந்தா நீங்க கீழ.

ரெண்டுக்கும் பயிற்சி ஒண்ணுதானேன்னு தோணும். பாதி சரி. பெஞ்ச் பிரஸ்ஸையே எடுத்துக்குவோம். வேலை = விசை × தூரம், பள்ளிக்கூட இயற்பியல். வலுதூக்குறவனுக்கு அதிக எடை ஏறணும், அதனால தூரத்தைக் குறைக்கப் பாப்பான். முதுகை வில்லா வளைப்பான், கையை அகலமாப் பிடிப்பான். இது ரொம்ப ஓவராப் போகுதுன்னுதான், இறக்கும்போது முழங்கை தோள்மட்டம் வரைக்குமாவது வரணும்னு சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு 2023ல விதி கொண்டாந்துச்சு. உடம்பைச் செதுக்குறவனுக்குத் தேவை நேர் எதிர். எடை கம்மியா இருந்தாலும் பரவால்ல, தூரம் முழுசா போகணும், நெஞ்சுத் தசை கதறணும். இவன் 1லேர்ந்து 5 ரெப் அடிச்சுட்டு நாலு நிமிஷம் உக்காந்திருப்பான். அவன் 8லேர்ந்து 12 அடிச்சுட்டு ஒண்ணரை நிமிஷத்துல அடுத்த செட்டுக்குப் போயிடுவான்.

ரெண்டையும் சேத்துப் பண்ணவே முடியாதான்னா, பண்ணியிருக்காங்க. இத்தாலிக்காரர் ஃபிராங்கோ கொலம்பு 1976லயும் 1981லயும் மிஸ்டர் ஒலிம்பியா. அவர் வலுதூக்குறதுலயும் பெரிய கை. 1977ல நடந்த முதல் உலக பலசாலிப் போட்டியில முதுகுல ஃப்ரிட்ஜைக் கட்டிக்கிட்டு ஓடும்போது கால் முட்டி பிசகி அடிபட்டவரும் அவர்தான். 1998லேர்ந்து 2005 வரைக்கும் தொடர்ந்து எட்டு தடவை மிஸ்டர் ஒலிம்பியா ஆன ரோனி கோல்மன் 800 பவுண்டு, அதாவது 363 கிலோ, டெட்லிஃப்ட் ரெண்டு தடவை தூக்கின வீடியோ இன்னும் சுத்துது. அப்புறம் முதுகுலயும் இடுப்புலயும் வரிசையா ஆபரேஷன் ஆகி ஊன்றுகோல்ல நடக்கிற நிலைமைக்கு வந்தார். அந்த வீடியோவைப் பாத்தா இந்த வீடியோவையும் பாக்கணும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஜூன் போட்டியில 74 கிலோ பிரிவு. ஸ்குவாட் 180, பெஞ்ச் 115. கடைசி டெட்லிஃப்ட்டுக்கு 222.5 எழுதிக் கொடுத்தாரு மாஸ்டர். மொத்தம் 517.5 வந்தா மூணாவது இடம், இல்லாட்டி அஞ்சாவது. தூக்கினேன். வெள்ளை, வெள்ளை, சிவப்பு. வெண்கலம்!

அதுக்கப்புறம் நல்லா சாப்பிட்டு 79 கிலோ வரைக்கும் போயிட்டு, 16 வாரத்துல 69.5க்கு இறங்கினேன். ஆணழகன் போட்டியில 70 கிலோ பிரிவு. ஒரு கிலோ கொழுப்புன்னா ஏறக்குறைய 7700 கலோரி. கணக்கு சுலபம், வயித்துக்குத்தான் புரியாது. முட்டை வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுக்கறி, அளந்து வெச்ச சோறு. டீம் லஞ்ச்ல எல்லாரும் பிரியாணி அடிக்க, நான் டப்பாவைத் தொறந்து வேகவெச்ச கோழியை மென்னுக்கிட்டு இருந்தேன். பத்தாவது வாரத்துல எதிர் சீட்டுல இருக்கிற அக்கா "தம்பி, வீட்ல எதுனா பிரச்சினையா?"ன்னு கேட்டாங்க. ஜூன்ல 180 ஏறின ஸ்குவாட் அக்டோபர்ல 150ல முனகுச்சு. இதுதான் ரெண்டையும் பண்றவனுக்கு உள்ள நிஜமான வலி. பாக்க பலசாலியா ஆக ஆக, பலம் குறைஞ்சுக்கிட்டே வரும். மேடையில நிக்கிற அன்னிக்குத்தான் வருஷத்துலயே ரொம்ப சோப்ளாங்கியா இருப்போம்!

அந்த நேரத்துலதான் ஊசி வந்துச்சு. ஒருத்தர், பேரும் இடமும் வேணாம், "எட்டே வாரம் தம்பி, இதைப் போட்டா பலமும் போகாது, கோடும் வரும். தண்ணி வத்துறதுக்கு மாத்திரையும் தர்றேன்"னாரு. 1992ல முகமது பெனாசிசான்னு ஒரு வீரர், ஹாலந்துல போட்டி முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே செத்துப்போனார். தண்ணியை வத்த வெச்சதுதான் காரணம்னாங்க. 1996ல ஆண்ட்ரியாஸ் மன்சர், 31 வயசு. இவங்கெல்லாம் உலகத்தரம், கூடவே ஆள் அம்பு இருந்தவங்க. எனக்கு மாவட்ட அளவுல ஒரு கப்பு, அதுக்கு என் சிறுநீரகமா? வேணாம்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஊசி போட்டவங்க பக்கத்துல நின்னா நான் சுண்டைக்காயாத்தான் தெரிவேன்னு தெரிஞ்சேதான் மேடை ஏறினேன். பதினோரு பேர்ல ஏழாவது.

இதுல எங்கப்பா பத்திச் சொல்லணும். திருச்சி காந்தி மார்க்கெட்ல முப்பது வருஷம் மூட்டை தூக்கினவர். ஒரு ஆள் தனியா சுமக்கிற எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லயே பரிந்துரை பண்ணியிருக்கு. எங்கப்பா நூறு கிலோ மூட்டையை முதுகுல வெச்சு லாரிப் பலகையில ஏறுவார். அந்தக் கூலியிலதான் நான் இன்ஜினியரிங் முடிச்சேன். நான் ஜிம்முக்குக் காசு கட்டுறேன்னு தெரிஞ்சப்போ, "நீ மூட்டை தூக்கக் கூடாதுன்னுதானடா படிக்க வெச்சேன். நீ காசு குடுத்துத் தூக்குறியா?"ன்னு கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

ஆனாலும் ரெண்டு போட்டிக்கும் வந்தார். வலுதூக்குறதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கல. "கடைசி மூட்டையில முதுகு வளைஞ்சுச்சு. மூச்சை வயித்துல கட்டு"ன்னார். மாஸ்டர் மூணு மாசமா அதையேதான் சொல்லிட்டு இருந்தார்.

ஆணழகன் அன்னிக்கு ஒண்ணும் பேசல. பஸ்சுல வரும்போது சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னார். "உன் வயசுல எனக்கும் வயித்துல இப்படித்தான் கோடு கோடா இருந்துச்சு. யாரு பாத்தா?"

இப்போ எதுக்கு ரெண்டும்னு யாராவது கேட்டா என்கிட்ட பதில் இருக்கு. அப்பாவுக்கு எடை தெரியும், அந்த எடை அவர் உடம்பை என்ன பண்ணுச்சுன்னு தெரியும். அதை மேடையில நிறுத்திப் பாக்க யாரும் கூப்பிட்டதில்ல. எனக்கு எடையை நானே தேர்ந்தெடுக்க முடியுது, வலிச்சா கீழ வெக்க முடியுது, சட்டையைக் கழட்டினா நம்பர் குத்தி விடுறாங்க. படிப்பு எனக்கு வாங்கிக் கொடுத்த சொகுசு இதுன்னு இப்போ தோணுது. அதுல பாதியை மட்டும் அனுபவிக்க மனசு வரல.

இந்த வருஷத் திட்டம் 540 மொத்தம். அப்பாவோட முதுகு வலிக்கு பிசியோதெரபி போயிட்டு இருக்கோம். வெறும் கையால செய்யுற நாலு பயிற்சியை நானும் அவரும் சாயங்காலம் சேந்து பண்றோம். எண்ணிக்கை அவர்தான் சொல்றார். பத்துன்னு சொல்லிட்டு பன்னெண்டு எண்றார்.

டிஸ்கி: மேல சொன்ன டயட்டைப் பாத்து யாரும் அப்படியே ஆரம்பிச்சுடாதீங்க, ஆளுக்கு ஆள் மாறும். உங்கள்ல யாராவது ரெண்டையும் பண்றவங்க இருந்தா, டயட் நேரத்துல ஸ்குவாட் இறங்காம எப்படிப் பாத்துக்கிறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும். வர்ட்டா?