சும்மா இருக்கிறவங்க கணக்கு

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு ஸார். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகக் கோடு போட்டுவிடுவான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மொய் நோட்டுக்குப் பக்கத்தில்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன் லப்பைக்குடிக்காட்டில் குடியிருந்தால் பொழுது போவதற்குக் கேட்கவா வேண்டும்?

வெள்ளாற்றங்கரை ஊர். ஆம்பளைகள் நிறையப் பேர் சவூதி, துபாய், மலேசியா, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். ஊரில் இருப்பது அவர்கள் அனுப்பும் பணமும், அதை வைத்துக் குடித்தனம் நடத்தும் பெண்களும்தான். (என்னைப் போல எழுதிப் பிழைக்கும் தண்டச்சோறுகள் ஒன்றிரண்டு உண்டு. கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ரியாத்தில். போன வருஷம் அக்கா மாடி எடுத்துக் கட்டினார். சிமெண்ட் மூட்டையை எண்ணியது அக்கா. மணல் லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றது அக்கா. நடுவில் பேங்க், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பையனின் ஸ்கூல். ஆனால் மேஸ்திரி ஏதாவது கேட்கணும் என்றால், எதிரில் நிற்கும் அக்காவை விட்டுவிட்டு, "பாய்கிட்ட போன்ல பேசிக்கறேம்மா" என்பார். அந்த பாய் அந்த மாடியை போட்டோவில்தான் பார்த்திருந்தார்!

சென்சஸ்காரர் வந்து கேட்டால் இந்த அக்கா 'வேலை செய்யாதவர்' பட்டியலில்தான் வருவார். வீட்டு வேலைக்கு அங்கே மதிப்பு கிடையாது. என் வணிகவியலில் மட்டும் என்ன வாழ்ந்தது? பழைய நாற்காலிக்குக்கூடத் தேய்மானம் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். சமையலறையில் தேய்கிறவர்களுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

இந்தக் கணக்கை விடாமல் கேட்டது வேறொரு துறை. மகளிரியல். 'சமத்துவத்தை நோக்கி' என்று 1974-ல் மத்திய அரசுக்கு ஒரு குழு அறிக்கை கொடுத்தது. சுதந்திரம் வந்து இத்தனை வருஷத்தில் பெண்கள் நிலைமை எங்கெங்கே பின்னால் போயிருக்கிறது என்று அதில் புட்டுப்புட்டு வைத்திருந்தார்கள். குழுவின் செயலாளர் வீணா மஜும்தார். அதே வருஷம் பம்பாய் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் இதற்கென்றே ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கினார். 1980-களின் நடுவில் பல்கலைக்கழக மானியக் குழு பணம் கொடுத்து நாடு முழுக்க மையங்கள் முளைத்தன. நம்ம பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறை இருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் குன்னம் தாலுக்காவில் பெண்ணகோணம் என்றே ஒரு ஊர் உண்டு. பெண் கோணத்தில் பார்க்க டெல்லிக்காரன் வந்துதான் சொல்லித் தரணுமா என்று நான் ஜோக் அடித்தால் இங்கே யாரும் சிரிப்பதில்லை. தினம் பஸ் போர்டில் பார்க்கிற பெயராச்சே!

எதிர்வீட்டு அக்காவின் மூத்த பெண் 2017-ல் வெளியூர் ஒன்றில் இந்தப் படிப்பில்தான் இருந்தாள். அந்த வருஷம் வந்தது வினை. மையங்களுக்குப் பணம் ஐந்தாண்டுத் திட்டத் தலைப்பில் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது திட்டம் 2017 மார்ச் 31-ல் முடிந்தது. திட்டக் கமிஷனையே அதற்கு முன்னாலேயே மூட்டை கட்டியாச்சு. பதின்மூன்றாவது திட்டம் என்று ஒன்று வரவேயில்லை. தலைப்பு போனால் தொகை எங்கே நிற்கும்? செப்டம்பரோடு சரி என்கிற நிலைமை. 160-க்கும் மேற்பட்ட மையங்கள். ஆராய்ச்சிப் பிள்ளைகள் வயிற்றில் புளி கரைத்தது. ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்கள் பாடு இன்னும் மோசம்.

"உங்க டிபார்ட்மெண்டை மூடிட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"மூடறதுக்கு முன்னாடி கத்துவோம் மாமா" என்றாள்.

கத்தினார்கள். 1982-லிருந்து இயங்கும் இந்திய மகளிரியல் சங்கம் முன்னால் நின்றது. மற்ற துறை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடிதம், கண்டனம், கையெழுத்து. எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். அவள் காலேஜில் எங்கள் வணிகவியல்காரன் எவனாவது கையெழுத்துப் போட்டானா?

"ரெண்டு பேர் போட்டாங்க மாமா. ரெண்டு பேருமே டெம்ப்ரவரி. பர்மனெண்ட் ஸாரெல்லாம் 'பார்க்கலாம்மா'ன்னுட்டாங்க."

வேலை நிச்சயமில்லாதவன்தான் அடுத்தவன் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறான். ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யூனியன் நோட்டீஸ் வரும்போது பாத்ரூம் போகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கத்தியதற்குப் பலன் இருந்தது. மூடவில்லை. 2018 மார்ச் வரை நீட்டித்தார்கள். வாய்தா வாங்கிய கேஸ் மாதிரிதான். ஹங்கேரியில் அதுவும் இல்லை. அந்த நாட்டு அரசாங்கம் 2018 அக்டோபரில் இதே மாதிரி முதுகலைப் படிப்பின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. வேலை கிடைக்காத படிப்பு என்று காரணம் சொன்னார்கள். அந்த அளவுகோலில் பார்த்தால் என் பி.காமை எப்போதோ தடை செய்திருக்க வேண்டும்.

2019-ல் மத்திய அரசே நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதிலேயே கழிக்கிறாள். ஆண் 97 நிமிஷம். (97-ஆ என்று நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன்.) 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது 'உதவி' என்று எழுதாமல் 'உரிமைத் தொகை' என்று எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தை மாறியதற்குப் பின்னால் மகளிரியல்காரர்கள் வருஷக்கணக்காகப் பேசிய பேச்சும் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்தப் பெண் தன் ஆராய்ச்சிக்காக ஒரு லீவில் இங்கே வீடு வீடாகப் போனாள். முதல் கேள்வி, என்ன வேலை செய்றீங்க? எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சும்மாதான் இருக்கேன்." பிறகு காலையிலிருந்து ராத்திரி வரை மணிக்கணக்கு எழுதிக் கேட்பாள். சும்மா இருப்பதற்கு நாலு பக்கம் தேவைப்பட்டது.

கடைசியாகத் தன் அம்மாவிடம் உட்கார்ந்தாள். பால் வாங்கியது முதல் கேட் பூட்டியது வரை சொல்லிக்கொண்டே வந்த அக்கா, பாரத்தை எட்டிப் பார்த்தார். "தூங்குற நேரத்தை எதுக்குடி எழுதுறே? அதை அடி. உங்க அத்தா கண்ணுல பட்டா, தூங்குறதுக்கா பணம் அனுப்புறேன்னு கேப்பாரு."

பெண் அடிக்கவில்லை. ஐந்தரை மணி என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டாள்.